வக்கீல் குறுக்கே போனார்

பல் துலக்கிய நுரை உதட்டோரம் காய்வதற்குள் கேட்டுக்கு வந்துவிட்டாள். காலில் செருப்பு இல்லை.

மணி ஆறு பதினேழு.

வாட்ச்மேன் சகாயராஜ் தன் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் தயாராக உட்கார்ந்திருந்தார். நேற்று சாயங்காலமே சொல்லிவைத்திருந்தாள்.

குடியிருப்பின் கேமராவில் பதினைந்து நாள் பதிவுதான் நிற்கும். அதற்கு மேல் பழையது தானாக அழிந்துகொண்டே வரும்.

இன்று பதினைந்தாவது நாள்.

வக்கீல் கடைசியாக நடந்த காலை இன்னும் பத்து நிமிடத்தில் அழிந்துவிடும்.

வக்கீல் அவளுடைய பூனை. உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை. வேறு என்ன பெயர் வைப்பது?

அன்று வெளியே சுற்றிவிட்டு வந்து படுத்ததுதான். காய்ச்சல் என்றார் டாக்டர். மூன்றாம் நாள் போய்விட்டது. காம்பவுண்டுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில், சகாயராஜ்தான் குழி தோண்டிக் கொடுத்தார். வேறு யாருக்கும் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

போனில் நூற்றுப்பத்துப் படம் இருக்கிறது. எல்லாவற்றிலும் தூங்குகிறது.

நடப்பதை ஒரு முறைகூடப் பிடித்துவைக்கவில்லை. தினமும் நடக்கிற பூனையை யார் படம் எடுப்பார்கள்?

ஒரே ஒரு முறை பார்த்துவிட்டால் போதும். வாலைத் தூக்கிக்கொண்டு அது நடப்பதை.

சகாயராஜ் மவுஸை நகர்த்தினார். கார்கள் தெரிந்தன. மாடிப்படியின் அடி தெரிந்தது. திரையின் ஓரத்தில் நேரம் ஓடியது.

வெள்ளைக் காரின் அடியிலிருந்து முதலில் வால் வந்தது.

"வந்துட்டாரு! வக்கீல் வந்துட்டாரு!"

போனை நீட்டிப் படம் பிடித்தாள். அவசரத்தில் பாதி சகாயராஜின் காதுதான் பதிந்தது.

நடந்தது. அதே நடை. கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது போல ஓர் அவசரம். பாதி வழியில் உட்கார்ந்து காலை நக்கிக்கொள்ள ஒரு நிதானம்.

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவும் செய்தாள்.

அப்போது படியில் ஒருவர் இறங்கினார். இரண்டாம் மாடி தணிகாசலம்.

சுருக்கென்றது.

வக்கீல் அவருக்குக் குறுக்கே போனது. அவர் நின்றார். மேலே பார்த்து வாயைத் திறந்தார்.

கேமராவில் சத்தம் வராது. அவளுக்குத் தேவையும் இல்லை. இரண்டு வருடமாகச் சமையலறை ஜன்னல் வழியாகத் தினமும் கேட்டதுதான். பூனை குறுக்க போயிடுச்சு, தண்ணி குடிச்சிட்டுப் போறேன்.

சகுனம் பார்க்கிற மனுஷர். இதற்காகவே அவரோடு சண்டை போட்டாள். போன தீபாவளியிலிருந்து பேச்சில்லை. வக்கீல் செத்த அன்றும், இனி நிம்மதியாக வாக்கிங் போங்கள் என்று மனதுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தாள்.

அவர் படியேறி மறைந்தார்.

வக்கீல் போகவில்லை. படிக்கு எதிரே உட்கார்ந்து வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டது.

இரண்டு நிமிடம்.

அவர் இறங்கி வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். அவள் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, முழங்காலில் கையூன்றிக் குனிந்தார்.

நெத்திலி. வேறு எதையும் வக்கீல் அப்படித் தலையை ஆட்டி ஆட்டித் தின்னாது.

வெளியே போய்வந்தால் ஏன் பாலைத் தொடாது என்று இப்போதுதான் புரிந்தது.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பார்கள். இவர் எல்லாப் பக்கமும் பார்த்தார், தலைக்கு மேலே இருந்த கேமராவைத் தவிர.

அவள் சிரித்தாள். அழுகையும் சேர்ந்து வந்து விக்கல் எடுத்தது.

"அடுத்த நாளப் போடுங்கண்ணே, சீக்கிரம்!"

அடுத்த நாள். வக்கீல் இல்லை. அவர் இறங்கினார். நின்றார். குனிந்து கார்களுக்கு அடியில் பார்த்தார். பிறகு மெதுவாக கேட்டைத் தாண்டிப் போனார்.

அதற்கடுத்த நாள். நின்றார்.

வக்கீலைப் புதைத்ததற்கு மறுநாள். நின்றார்.

நேற்றும் நின்றார். ஒரு நாள்கூடத் தண்ணீர் குடிக்கத் திரும்பவில்லை.

அவருக்குத் தெரியாது.

யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் அவள்தான்.

சகாயராஜ் திரையின் மூலையைத் தொட்டுக் காட்டினார். இன்றைய காலை. ஆறு இருபத்தெட்டு. தணிகாசலம் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

அவள் ஓடினாள்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஓடினாள். எதிரே போனதும் வாய் வரவில்லை. நிற்கவும் முடியவில்லை. வெள்ளைக் காரின் பக்கத்திலிருந்து, வெறுங்காலோடு, அவருக்குக் குறுக்கே நடந்தாள்.

திரும்பிப் பார்த்தாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். காருக்கு அடியில் பார்த்தார். மறுபடி அவள் முகத்தைப் பார்த்தார்.

"எப்பம்மா?"

"பன்னெண்டு நாளாச்சு சார்."

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்தி இரண்டாம் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பூனை குறுக்க போயிடுச்சு."

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தண்ணி குடிச்சிட்டுப் போறேன்."

படியேறினார்.

வக்கீல் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய் அவள் நின்றாள்.

இரண்டு நிமிடம்தான். வெறுங்கையோடு வரமாட்டார்.