சொன்ன பேச்சு கேட்கும் படகு

"படகுக்குக் காது மந்தமாயிடுச்சுங்க. வித்துக் கொடுத்துடுங்க."

படகுத் தரகர் பேனாவை மூடி வைத்தார். பழைய படகை விற்க வருகிறவர்கள் அடிப்பலகை உளுத்துவிட்டது என்பார்கள், பாய் கிழிந்துவிட்டது என்பார்கள். காது கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தவர் இவர் ஒருவர்தான்.

"கேப்டன் படகையா விக்கிறீங்க?" என்றார் தரகர், நம்பாமல்.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் வந்தவருக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் நிமிர்ந்தது. கேட்டு ஒரு வருடம் ஆகிறது.

"கேப்டன் படகேதான்," என்றார்.

அவர் கப்பல் ஏதும் ஓட்டியவர் அல்ல. நாற்பது வருடம் மூக்குக் கண்ணாடிக் கடை நடத்தி ஓய்ந்தவர். ஆனால் அவருடைய பாய்மரப் படகு இருக்கிறதே, அது பழக்கிய குதிரை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் முன்முனையில் ஏறி நின்று, இடுப்பில் கை வைத்து, "இடப்பக்கம்" என்பார். திரும்பும். "போதும், துறைக்குப் போ" என்பார். துறைச் சுவரில் ஒரு முட்டையை ஒட்டி வைத்திருந்தாலும் ஓட்டில் கீறல் விழாமல் வந்து அணையும். மனைவி அவள் பாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருப்பாள். இருவரும் இறங்கும்போது துறை அதிகாரி தொப்பியைத் தொட்டு, "வணக்கம் கேப்டன்" என்பார். அந்த ஒரு வணக்கத்துக்காகவே இருபத்தாறு வருடமாக ஞாயிறுதோறும் சட்டைக்கு இஸ்திரி போட்டவர் அவர்.

போன மழைக்காலத்தோடு படகுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. சுக்கான் கட்டையை வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் போனது. இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் போனது. 'மெதுவாக வரவும்' என்று எழுதியிருந்த பலகையை வேகமாக வந்து இடித்துச் சாய்த்தது. அவர் கயிற்றை அவிழ்க்கிறார் என்று தெரிந்தாலே துறையில் மீனுக்குக் காத்திருந்த நாரைகள் அக்கரைக்குக் குடிபெயர்ந்தன.

நான்காவது தடவை இடித்தபோது துறை அதிகாரி வந்தார். "இன்னொரு தடவை இடிச்சீங்கன்னா இங்க இடம் கிடையாது பெரியவரே," என்றார்.

இடம் போனால் போகட்டும். அந்தப் 'பெரியவரே'தான் முள்ளாகத் தைத்தது. நல்ல படகாக ஒன்று வாங்கி, மறுபடியும் கேப்டன் என்று கூப்பிட வைக்காவிட்டால் தான் கண்ணாடி விற்றவனே இல்லை என்று அன்றே சபதம் போட்டார்.

மூட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வீட்டில் காலை நீட்டிக் கிடந்த மனைவி மட்டும், "நிஜமாவே விக்கப் போறீங்களா? படகு மேல தப்பு இருக்காதுங்க," என்றாள். வயசானால் எல்லாவற்றுக்கும் காது மங்கும், இதெல்லாம் உனக்குப் புரியாது என்று அவளுக்கு எடுத்துச் சொன்னார்.

படகு அந்த வாரமே விலைபோனது. வாங்கியவர்கள் பேரம் பேசவில்லையாம், பெயரும் சொல்ல வேண்டாம் என்றார்களாம். எந்த ஏமாளியோ என்று பரிதாபப்பட்டுக்கொண்டே, யாரும் பார்க்காதபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு புதுப் படகு தேடும் படலம். முதலில் பார்த்தது பச்சைப் படகு. முன்முனையில் நின்று, "இடப்பக்கம்" என்றார். அது நேராகப் போய்ச் சேற்றில் உட்கார்ந்தது. இரண்டாவது படகு இருந்த இடத்திலேயே மூன்று சுற்றுச் சுற்றியது. அதன் சொந்தக்காரர் தலைசுற்றி இறங்கி, விற்கிற எண்ணமே இல்லை என்று சொல்லிவிட்டார்.

மூன்றாவது படகின் சொந்தக்காரர் பொறுமைசாலி. ஞாயிற்றுக்கிழமை துறையிலேயே ஓட்டிக் காட்ட வந்தார். கண்ணாடிக் கடைக்காரர் சுக்கானை வலப்பக்கம் தள்ளினார். படகு இடப்பக்கம் போனது.

"இதுக்கும் அதே வியாதி," என்றார் கண்ணாடிக் கடைக்காரர், வெறுத்துப்போய்.

"சுக்கானை வலப்பக்கம் தள்ளினா படகு இடப்பக்கம்தாங்க போகும். எல்லாப் படகும் அப்படித்தான். இருபத்தாறு வருஷம் ஓட்டினேன்னு சொன்னீங்க?"

காலம் கெட்டுவிட்டது, ஒரு படகாவது பெரியவர்கள் பேச்சைக் கேட்கிறதா என்று நொந்தபடி அவர் கரையேறினார். அப்போதுதான் அவருடைய பழைய படகு துறைக்குள் நுழைந்தது. பாய் ஒரு சுருக்கம் இல்லாமல் காற்றைப் பிடித்திருந்தது. முன்முனையில் யாருமே இல்லை. பின்னால், வழக்கமான இடத்தில், சுக்கான் கட்டையை வழக்கம்போலப் பிடித்தபடி அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

படகு சத்தமில்லாமல் சுவரோடு அணைந்தது.

"நீயா வாங்கினே?" என்றார் அவர்.

"பின்னே, இதைப் போய் ஊர் பேர் தெரியாதவங்க கையில குடுக்க முடியுமா? படகுல ஏறாதேன்னு டாக்டர் சொன்ன ஒரு வருஷம் நேத்தோட முடிஞ்சுது. ஏறுங்க, உங்க இடம் காலியாத்தான் இருக்கு."

அதற்குள் துறை அதிகாரி ஓட்டமும் நடையுமாக வந்து தொப்பியைத் தொட்டு, "வணக்கம் கேப்டன்," என்றார்.

இவர் சட்டையை இழுத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, பதில் வணக்கத்துக்குக் கையைத் தூக்கினார்.

துறை அதிகாரி அவரைத் தாண்டிப் போய்ப் படகின் பின்பக்கம் குனிந்து, "முழங்கால் எப்படிம்மா இருக்கு? நீங்க இல்லாம ஒரு வருஷமா துறையைக் கட்டிக் காப்பாத்தறதே பெரும்பாடா போச்சு," என்றார்.