முன்னே இருபத்தைந்து, பின்னே இருபத்தெட்டு

"அப்பா, டயர் குண்டா இருந்தா சைக்கிளுக்கு மூச்சு வாங்குமா?"

மகள் ஐந்து வயதில் கேட்டது. "வாங்காம? ஒல்லியா இருந்தாத்தான் ஓடும் தங்கம்" என்று சைக்கிள் கடைக்காரர் அன்று சொன்ன பதில், நாளாவட்டத்தில் கடையின் சட்டமாகவே ஆகிவிட்டது. மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களுக்கும் ஒல்லி டயரைப் போட்டு, காற்றைக் கல்லாக அடித்து அனுப்புவார்.

இத்தனைக்கும் அவர் தெருமுனையைத் தாண்டி சைக்கிள் மிதித்து இருபது வருடம் இருக்கும்.

இப்போது கணக்கு டீச்சரின் சைக்கிள் அவர் முன்னால் தலைகீழாக நிற்கிறது. மூன்று மாதத்துக்கு முன் மலை இறக்கத்தில், சரளைக்கல் வளைவில் அது வழுக்கி, டீச்சருக்குத் தோள் எலும்பு முறிந்தது. இறுகிய ஒல்லி டயர் சரளையைப் பிடிக்காது என்பது அன்றைக்குத்தான் கடைக்காரருக்கு உறைத்தது.

டீச்சரின் அண்ணன் கடை வாசலில் வந்து குதித்தார். கட்டுப் போட்ட கையோடு பின்னாலேயே வந்த டீச்சர், வளைவைத் தான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லி அவரை இழுத்துக்கொண்டு போனார்.

பாவம், டீச்சருக்கு விவரம் தெரியவில்லை என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். வாயைத் திறக்கவில்லை.

இன்று காலை வண்டியை விட வந்தபோதும் டீச்சர் பழைய கதையை எடுக்கவில்லை.

"பிரேக்க மட்டும் பாருங்கண்ணே. ஞாயித்துக்கிழமை அதே எறக்கத்துல போறேன். எலும்பு ஒட்டிடுச்சு, தைரியம்தான் இன்னும் ஒட்டல."

பிரேக்கைத் திருக அந்த வண்டியோடு வந்த சின்னச் சாவி தேவைப்பட்டது. சீட்டுக்கு அடியில் இருந்த பையைத் துழாவினார். கையில் வந்தது ஒரு துண்டுச் சீட்டு.

அவர் கையெழுத்தேதான். 'காற்று: முன்னே ஐம்பது, பின்னே ஐம்பத்தைந்து.'

ஐம்பதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பிள்ளைகளின் நோட்டில் தப்பான விடைக்குப் போடுகிற வட்டம்.

எல்லாம் தெரிந்துதான் அண்ணனை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது அந்தப் பெண்.

பரணில் இருந்து இரண்டரை அங்குலக் குண்டு டயர் இரண்டை இறக்கினார். மாட்டியபின், ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். உரசவில்லை.

மதியம், தெரு உண்டு அசந்த நேரம். "கடவுளே, நீதான் பார்த்துக்கணும்" என்று கதவைச் சாத்திவிட்டு வண்டியில் ஏறினார்.

மேட்டில் குண்டு டயர் தொடையைப் பிழிந்தெடுத்தது. மகள் கேட்டது சரிதான். மூச்சு வாங்கத்தான் செய்தது, அவருக்கு.

அந்த வளைவில் மூன்று தடவை இறங்கினார். ஒவ்வொரு தடவைக்கும் முன்னால் கொஞ்சம் காற்றை இறக்கினார். மூன்றாவது தடவை டயர் சரளையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு பதமாகத் திரும்பியது.

கடைக்கு வந்து புதுச் சீட்டு எழுதினார். 'முன்னே இருபத்தைந்து, பின்னே இருபத்தெட்டு. போன தடவை தப்பு என்னுடையது.' அதைப் பைக்குள் வைத்தார்.

டீச்சர் வருவதற்குள், டயரின் பள்ளங்களில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார்.

பிறகு, தன் முழங்காலில் இருந்ததையும்.