யூஜின் எடுத்த பிளான்

நடுவழியில் வண்டி நின்றால் உதவிக்கு வரும் பிளான்களில் மனைவி ரெனிதா ஒன்றைக் காட்டினாள். யூஜின் பார்க்கக்கூட இல்லை.

"வண்டியப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?" என்று அடக்கிவிட்டு, பைக்கை லாரியில் ஏற்றிப்போகும் பிளானை எடுத்தான்.

மறுமாதம் இருவரும் மாதா கோயிலுக்குப் போகையில், நெமிலிச்சேரி அருகே பள்ளத்தில் விழுந்த பைக் அப்புறம் கிளம்பவில்லை. சொன்னபடி இருபதே நிமிடத்தில் லாரி வந்தது.

"பாத்துத் தூக்கு நைனா, டேங்க்ல கீறல் உழுந்துடப் போவுது!" என்று பதறினான் யூஜின்.

பைக்கை ஏற்றிக் கட்டிய டிரைவர், சாலையோரம் பார்த்துத் திடுக்கிட்டார். "அண்ணாத்தே, அக்கா கால் ஒடஞ்சு கெடக்குதே!"

"மொதல்ல வண்டி கெளம்பட்டும். பாத்தியாடி, என் பிளான் எப்டி?"

ரெனிதா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

"நான் காட்டுன பிளான்ல ஆம்புலன்சும் இருந்துச்சு."