பின்னால் ஏறும் வண்டி

அரிசோனாவின் காலை வெயில் அவர்கள் வீடாக வைத்து ஊர் சுற்றும் மோட்டார்ஹோம் வண்டியின் பின்புறத்தில் பளீரென்று விழுகிறது. நடீன் தன் கணவர் வர்ஜிலின் மோட்டார் சைக்கிளை முதல் கியரில் போட்டு, க்ளட்சை மெல்ல விட்டபடி கூடவே நடந்து, சாய்வுப் பலகை வழியே பின்பக்க இரும்புத் தாங்கியில் ஏற்றுகிறாள். பாதியில் வண்டி சரிகிறது; இடுப்பைக் கொடுத்து நிறுத்துகிறாள். முகாமில் பக்கத்தில் நிற்கும் வண்டிக்காரர் காபிக் கோப்பையோடு எழுந்து வருகிறார். "இருக்கட்டும், நானே பாத்துக்கறேன்" என்கிறாள். வாதம் வந்த வலது கையை மடியில் போட்டுக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வர்ஜிலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "வித்துடலாம்னு சொன்னேன்ல, கேட்டியா?" அவள் வண்டியை மேலே ஏற்றி, தாங்கியோடு சேர்த்துக் கட்டும் பட்டையை இறுக்குகிறாள். "சைடு ஸ்டாண்டை எடுக்காமலே கட்டுறியே. முதல் பள்ளத்துலயே தளர்ந்துடும்." ஸ்டாண்டை உதைத்து மடக்கி, முன் ஸ்பிரிங் அமுங்கும்வரை மறுபடி இறுக்குகிறாள். கைப்பிடியைப் பிடித்து உலுக்கினால் மோட்டார்ஹோமே ஆடுகிறது. "சரி, கட்டிட்ட. யாரு ஓட்டப் போறா?" நடீன் உள்ளே போகிறாள். முப்பது வருஷமாகப் பின்சீட்டில் தான் போட்டுவந்த நீல ஹெல்மெட்டைக் கொண்டுவந்து அவர் மடியில் வைக்கிறாள். அவருடைய கறுப்பு ஹெல்மெட்டைத் தன் தலையில் மாட்டிப் பார்க்கிறாள். பெரிதாக இருக்கிறது. வாரை இன்னும் ஒரு பிடி இறுக்குகிறாள்.