நகத்துக்கு அடியில் இரண்டு ஊர்

வியா மக்வேதா தெருவின் நண்பகல் வெயில் தொலைபேசிக் கடையின் கண்ணாடிக் கூண்டுக்குள் கொதிக்கிறது. ரிசீவரைக் காதோடு அழுத்தியபடி குகனேஸ்வரி, வேலை செய்யும் இத்தாலிய எசமானி சிஞ்ஞோராவின் வீட்டில் கேட்டு வாங்கிய பள்ளிக்கூட அட்லசை மடியில் விரித்திருக்கிறாள். நோர்வேயின் உச்சியில் இரண்டு ஊர்கள். வார்டோவில் அண்ணன் சாகக் கிடக்கிறான். ஹம்மர்ஃபெஸ்ட் விமான நிலையத்தில் தம்பி மூன்று நாளாகக் காத்திருக்கிறான். இரண்டு ஊரையும் அவளுடைய கட்டைவிரல் நகம் மூடிவிடுகிறது. “எவ்வளவு தூரமடா?” என்கிறாள். “இருநூற்றெழுபத்தைஞ்சு கிலோமீற்றர். பறந்தால் ஒரு மணித்தியாலமும் இல்லை. பனிப்புயல் அக்கா, பிளேன் எழும்புதில்லை.” அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. “ஊரிலை சண்டைக்குள்ளை கிளாலிக் கடலையே நேவி சுடச்சுடத் தாண்டி வந்தனாங்கள். உது ஒரு தூரமே? பஸ்ஸைப் பிடிச்செண்டாலும் போ!” “றோட்டும் பூட்டு அக்கா.” அவன் பின்னால் ஒலிபெருக்கி ஏதோ சொல்கிறது, நாற்காலிகள் நகர்கின்றன. “கூப்பிடுறாங்கள். புயல் விட்டிட்டுதாம், பிளேன் வெளிக்கிடப் போகுது.” “அப்ப ஓடடா!” காலடிகள் அவனைக் கடந்துபோகின்றன. அவனுடைய மூச்சுச் சத்தம் மட்டும் அங்கேயே நின்று கேட்கிறது. “இனி அவசரமில்லை, ஆறுதலாப் போறன். அண்ணை விடியவே கண்ணை மூடிட்டார். உங்களிட்டைச் சொல்ல வாய் வரேல்லை.” தெருவில் ஸ்கூட்டர் ஒன்று அலறிக்கொண்டு போகிறது. அவள் அட்லசிலிருந்து நகத்தை எடுக்காமலே இருக்கிறாள்.