துக்க வீட்டு ஹலோவீன்

இந்திராதேவி அக்கா பேய்த் தொப்பி வாங்கினதை என்ரை இரண்டு கண்ணாலையும் கண்டன்.

லாச்சப்பலிலை எங்கடை கட்டடத்துக்குப் பக்கத்து சூப்பர்மார்க்கெட்டிலைதான். தீபாவளிக்கு முதல் நாள். 2024இலை தீபாவளியும் ஹலோவீனும் ஒரே நாளிலை வந்து துலைச்சுது. நான் முறுக்குச் சுட எண்ணெய் எடுக்கப் போனால், மனுசி பேய்ச் சாமான் அடுக்கின தட்டடியிலை நிக்கிறா.

கூடைக்குள்ளை கறுப்புத் தொப்பி, பிளாஸ்டிக் சிலந்தி, ஒரு பூசணிக்காய். பிறகு சொக்கிலேற். ஒவ்வொரு பையையும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுத் திருப்பித் திருப்பி வாசிக்கிறா. மலிவானதைத் திரும்ப வைச்சிட்டு விலை கூடினதை எடுக்கிறா. எல்லாமா நாற்பத்தேழு ஈரோ!

எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. புருசன் இராஜேந்திரன் அண்ணை சித்திரையிலை செத்தவர். ஒரு வருசத்து ஆட்டைத் திவசம் இன்னும் முடியேல்லை. பிள்ளைகுட்டியும் இல்லை. துக்கம் காக்கிற வீட்டுக்குத் தீபாவளியே இல்லை, இதுக்குள்ளை பேய்க் கொண்டாட்டம் கேக்குதோ?

அடுத்த நாள் காலமை பலகாரத் தட்டோடை மாடி மாடியா ஏறி இறங்கினன். எல்லாத் தமிழ் வீட்டு மணியும் அடிச்சன். இரண்டாம் மாடியிலை இந்திராதேவி அக்காவின்ரை கதவை மட்டும் அடிக்கேல்லை. துக்க வீட்டுக்கு ஆர் தீபாவளிப் பலகாரம் குடுக்கிறது?

அந்தக் கதவடியிலைதான் மூன்றாம் மாடி சுதர்சனா எதிர்ப்பட்டாள். என்ரை வாய் சும்மா கிடக்குமே?

"சங்கதி தெரியுமே? உந்த மனுசி ஹலோவீன் கொண்டாடப் போகுதாம். நாற்பத்தேழு ஈரோவுக்குச் சாமான்!"

"ஐயோ அக்கா, உண்மையாவோ?"

"பின்னை? பின்னேரம் பிள்ளையள் வேசம் போட்டுக்கொண்டு வீடு வீடாப் போகுங்கள். உந்த வீட்டுக்கு மட்டும் விட்டிடாதை. செத்த வீட்டு இனிப்பு."

"நான் ஏன் விடுறன்? மற்றவைக்கும் சொல்லிவிடுறன்."

சொன்னாள். நானும் சொன்னன். நாலாம் மாடி வெள்ளைக்காரிக்குக்கூட எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சிலை சொன்னன். அவவுக்கு என்ன விளங்கிச்சுதோ, பயந்து தலையாட்டினா.

பின்னேரம் என்ரை மகள் சுபாங்கி வெள்ளைத் துணியைப் போத்துக்கொண்டு வெளிக்கிட்டாள். எட்டு வயசு. "ஏன் அம்மா இரண்டாம் மாடிக்குப் போகக் கூடாது?" எண்டு பிரெஞ்சிலை கேட்டாள்.

"கூடாதெண்டால் கூடாது!"

மற்றப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு மேலை ஓடினாள்.

ஏழு மணி போலை நான் குப்பைப் பையோடை கீழை இறங்கினன். இந்திராதேவி அக்காவின்ரை கதவடியிலை பூசணிக்காய். அதுக்குள்ளை மெழுகுதிரி. சாமிக்கு ஒரு விளக்கில்லை, பூசணிக்காய்க்கு வெளிச்சம்! இண்டைக்கு முகத்துக்கு நேரை கேக்கிறது எண்டு மணியை அமத்தினன்.

அமத்தின கை எடுக்க முதல் கதவு திறந்துது. தலையிலை கறுப்புத் தொப்பி, கையிலை தட்டம் நிறையச் சொக்கிலேற், முகமெல்லாம் சிரிப்பு.

"பொன்சுவா!" எண்டு பிரெஞ்சிலை வணக்கம் சொன்னா.

என்னைக் கண்ட உடனை தொப்பியைக் கழட்டிப்போட்டா.

"நீயே பிள்ளை? வா, உள்ளுக்கு வா."

"நான் வரேல்லை. இதென்னக்கா கோலம்? அண்ணையின்ரை ஆட்டைத் திவசம் முடியவும் இல்லை."

"தீபாவளிக்கு நான் ஒண்டும் செய்யேல்லைப் பிள்ளை. எண்ணெய்ச் சட்டி வைக்கேல்லை. முறை எனக்குத் தெரியும்."

"அப்ப இது?"

அவ தட்டத்தைப் பாத்தா. நானும் பாத்தன். குவிச்ச சொக்கிலேற் குவிச்ச படியே கிடந்துது.

"ஊரிலை எண்டால் சட்டி வைக்காத வீட்டுக்கு அயலட்டைதான் முதல் பலகாரம் கொண்டு வரும். இஞ்சை முறை வேறையாக்கும். ஆனால் இந்தப் பேய்க்கூத்துக்குத் துக்க வீடு, நல்ல வீடு எண்டு ஒண்டும் இல்லையாம். வாசல்லை பூசணிக்காய் இருந்தால் காணுமாம், பிள்ளையள் வந்து மணி அடிக்குமாம்."

"வந்ததுகளே?" என்னையறியாமல் கேட்டுப்போட்டன்.

"நாலு மணிக்கே தொப்பியைப் போட்டிட்டு இருந்தனான். செத்தவீட்டுச் சனம் போனாப் பிறகு இந்த மணியை அடிச்சது, மீற்றர் பாக்க வந்தவனும் நீயும்தான் பிள்ளை."

மேல் மாடியிலை பிள்ளையள் கத்திச் சிரிக்கிற சத்தம் கேட்டுது. இரண்டு பேரும் ஒண்டா அண்ணாந்து பாத்தம். வெக்கத்திலை குப்பைப் பையை முதுகுக்குப் பின்னாலை மறைச்சன், ஏனெண்டு எனக்கே தெரியாது.

அவ உள்ளுக்குப் போய் ஒரு சின்னப் பை கொண்டு வந்தா. மஞ்சள் றிபன் கட்டி, சுபாங்கி எண்டு தமிழிலை எழுதியிருந்துது.

"இது அவளுக்கு. நீயே கொண்டுபோய்க் குடு."

"அவள்... பிறகு வருவாள் அக்கா."

"விடமாட்டாய் எண்டு தெரியும். காலமை பலகாரத் தட்டுச் சத்தம் கேட்டு, எனக்குத்தான் கொண்டு வாறாய் எண்டு கதவோடை ஒட்டிக்கொண்டு நிண்டனான். நீங்கள் கதைச்சதும் கேட்டுது."

நான் தலையைக் குனிஞ்சன். அவ பையை என்ரை கையுக்குள்ளை வைச்சு, விரலை மடிச்சு மூடிவிட்டா.

"எண்டாலும் பயப்பிடாமல் குடு பிள்ளை. சுபாங்கிக்குக் கச்சான் கடலை ஒத்துவராதெல்லோ, ஒவ்வொரு பையா வாசிச்சுப் பாத்துத்தான் வாங்கினனான். ஒண்டிலையும் கச்சான் இல்லை."