எங்கே வலிக்குது?

இரண்டு வயது நிலவனின் கால் கட்டைவிரலில் முள். வீட்டில் ஊசியால் எடுத்தால் அபராதம் என்று சட்டம் இருந்ததால், வலியைக் கேட்டு மருந்துச் சீட்டு தரும் தெருமுனை டாக்டர் பெட்டி இயந்திரத்தின் முன்னால் அவனைக் கொண்டுபோய் நிறுத்தினாள் அவன் அம்மா நறுமுகை.

“எங்க வலிக்குது கண்ணா? தொட்டுக் காட்டு,” என்றது பெட்டி.

உறுப்புகளின் பெயர் அவனுக்கு மழலையர் பள்ளிப் பாட்டாகத்தான் தெரியும். அதுவும் முதலிலிருந்து பாடினால்தான் வரும். தலையைத் தொட்டுப் பாட ஆரம்பித்தான். தலைவலி மாத்திரைக்குச் சீட்டு விழுந்தது. கண்ணைத் தொட்டான், சொட்டு மருந்து. மூக்கு, காது, தொப்பை என்று பாட்டு இறங்க இறங்கச் சீட்டு குவிந்தது.

“கால் விரல்ல முள்ளுங்க,” என்றாள் நறுமுகை.

“வலிக்கிறவங்கதான் சொல்லணும்மா.”

பாட்டு முழங்காலோடு முடிந்தது. விரல்கள் அடுத்த வகுப்புப் பாட்டில்தான் வருகின்றன.

நறுமுகை தலையில் அடித்துக்கொண்டாள். உடனே அவள் பேருக்கும் ஒரு தலைவலிச் சீட்டு விழுந்தது. அன்றைக்கு அந்தப் பெட்டி சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.